யூனிட் மேனேஜர் வேலை: கொங்கு நாட்டில் படப்பிடிப்பு நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொள்ளாச்சி, உடுமலை, கோபி, சத்தி (சத்தியமங்கலம்), ஈரோடு பக்கம் சினிமாவுக்கோ சீரியலுக்கோ வெப் தொடருக்கோ யூனிட் இறங்கும்போது, மேனேஜர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. சென்னையில் ஸ்டுடியோ ஃப்ளோருக்குள் செட் போட்டு எடுப்பவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

யூனிட் மேனேஜரும் புரொடக்‌ஷன் மேனேஜரும் ஒன்றா?

சின்னப் படத்தில் ஒருவரேதான். பெரிய படத்தில் பட்ஜெட் போடுவது, நடிகர்களிடம் தேதி வாங்குவது, சம்பளம் பேசுவது எல்லாம் தயாரிப்பு நிர்வாகி என்கிற புரொடக்‌ஷன் மேனேஜரின் கையில் இருக்கும். அவர் சென்னையில் உட்கார்ந்து போட்ட கணக்கை வைத்து இந்த ஊரில், இந்த நாளில், இந்த மணிக்கு ஆள், வண்டி, கரண்ட், சாப்பாடு, இடம், ரொக்கம் ஆறையும் கொண்டுவந்து நிறுத்துகிறவர் யூனிட் மேனேஜர். இரண்டு யூனிட் பிரிந்து போனால் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வேண்டும்.

என்ன எடுப்பது என்பதை டைரக்‌ஷன் டிபார்ட்மென்ட் பார்த்துக்கொள்ளும். நினைத்ததை நாளைக்கு எடுக்க முடியுமா என்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஷாட் ஓடும்போது மானிட்டர் பக்கம் நிற்கிற மேனேஜர் அடுத்த லொக்கேஷனில் இருக்க வேண்டிய ஆள்.

ஒரு நாள் வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும்?

முந்தின நாள் சாயங்காலம் 4 மணிக்கு. அப்போது அசோசியேட் டைரக்டரிடம் நாளைய சீன், ஆர்ட்டிஸ்ட் பட்டியல், தேவையான பொருட்கள், கடைசி நேரத்தில் வந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். 5 மணிக்குள் மெஸ்காரருக்குத் தலைக்கணக்கு போக வேண்டும். 6 மணிக்குள் எந்த வண்டி யாரை எங்கே ஏற்றுவது என்பது முடிவாக வேண்டும். பேக்கப் (அன்றைய படப்பிடிப்பு முடிந்தது என்று) சொல்வதற்கு முன்பே ஒவ்வொரு டிபார்ட்மென்ட் ஆளிடமும் காலை நேரத்தை நேரில் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதைப் பார்த்துவிட்டார்கள் என்று நம்ப வேண்டாம். அலுத்துப்போய்த் தூங்குகிற லைட்மேன் இரவு 11 மணிக்கு வந்த மெசேஜைப் பார்க்க மாட்டார்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். பொள்ளாச்சியில் தங்கி, சேத்துமடை பக்கம் காலை 6.30-க்கு முதல் ஷாட் என்று வைத்துக்கொள்வோம். லைட் செட் பண்ண ஒரு மணி நேரம், வண்டியிலிருந்து இறக்கி கேபிள் இழுக்க அரை மணி. அப்படியானால் ஜெனரேட்டரும் லைட் வண்டியும் 5 மணிக்கு ஸ்பாட்டில் நிற்க வேண்டும். பயணம் முக்கால் மணி. லாட்ஜ் வாசலில் 4.15-க்கு வண்டி கிளம்பினால்தான் நடக்கும். 3.45-க்கு டீ, 3.30-க்கு டிரைவருக்குப் போன். ஹீரோயின் மேக்கப்புக்கும் ஹேருக்கும் ஒன்றரை மணி நேரம் கேட்டால் அவருடைய பிக்கப்பும் இதே கணக்குதான். புதியவர்கள் தவறவிடுவது அனேகமாக அந்த டிரைவர் போனைத்தான். அவர் இரவு 12 மணிக்கு ஆர்ட்டிஸ்டை கோவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார். தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவரை மறுபடி மலைப்பாதையில் ஓட்டச் சொல்லக் கூடாது. மாற்று டிரைவர் இல்லையென்றால் அந்த வண்டி இல்லை என்றே கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று. கோவைப் பக்கம் ஜனவரியில் சூரியன் உதிக்க 6.45 ஆகிறது, ஜூனில் 6 மணிக்கே வந்துவிடுகிறது. ஆழியாறு அடிவாரத்தில் மலை மறைப்பதால் சாயங்காலம் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். லொக்கேஷன் பார்க்கப் போகும்போது நண்பகலில் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் இது தெரியாது.

எந்த மாதத்தில் வந்தால் நல்லது?

என்ன எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

தென்னந்தோப்பு வருஷம் முழுக்கப் பச்சைதான். அதனால்தான் அவசரத்துக்குப் பொள்ளாச்சி கைகொடுக்கிறது. நெல்வயல் வேண்டும் என்றால் கோபி. ஆனால் கோபியின் பச்சை தண்ணீர் திறப்பைப் பொறுத்தது. கொடிவேரியிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களிலும் கீழ்பவானி வாய்க்காலிலும் எப்போது தண்ணீர் விடுகிறார்கள் என்று நீர்வளத் துறை அலுவலகத்திலோ ஊரில் உள்ள விவசாயிகளிடமோ கேட்டு, நடவு தேதியைத் தெரிந்துகொள்ளுங்கள். நடவு முடிந்து ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம் வரை நல்ல பச்சை. அதன்பின் கதிர் வந்து பழுக்கத் தொடங்கும். போன வருஷப் போட்டோவைக் காட்டி டைரக்டரிடம் ஓகே வாங்கி, இந்த வருஷம் வந்து இறங்கினால் அறுத்த தாள்தான் நிற்கும். உடுமலை, பல்லடம் பக்கம் பிஏபி (பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம்) வாய்க்காலில் மண்டலம் மண்டலமாக முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். காட்சியில் ஓடுகிற வாய்க்கால் வேண்டும் என்றால் அந்த மண்டலத்துக்கு முறை எப்போது என்று கேளுங்கள்.

ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. உடுமலையில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. வெயிலை மட்டுப்படுத்தத் துணி கட்டிய 12 அடி ஸ்கிம்மர் ஃப்ரேமைத் தூக்கி நிறுத்தினால் ஸ்டாண்டோடு சேர்த்துப் பறக்கும், 20 அடி என்றால் நான்கு பேரைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் மணல் மூட்டை, நான்கு மூலைக்கும் கயிறு. அதற்கும் அடங்காவிட்டால் இறக்கிவிடுவதுதான் சரி. லைவ் சவுண்ட் எடுக்கும் படத்துக்கு ஆடிக் காற்றில் திறந்தவெளி வசன சீன் வைக்க வேண்டாம் என்று நிர்வாகியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆனைமலை அடிவாரத்தில் அதோடு சாரலும் சேர்ந்துகொள்ளும்.

அக்டோபர், நவம்பரில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வரும். வெளிப்புறக் காட்சிகளைக் காலையில் தள்ளி, வீட்டுக்குள் எடுக்கும் ஒரு சீனை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சீனின் ஆர்ட்டிஸ்டும் உடையும் அன்று ஊரில் இருந்தால்தான் அது உபயோகப்படும்.

தோட்டமோ வீடோ பேசி முடிக்கும்போது என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

வாடகையைக் கடைசியில் பேசுங்கள். முதலில் இடத்தைப் பற்றிப் பேசுங்கள்.

தென்னந்தோப்பு என்றால் முதல் கேள்வி, "ஏனுங்க, கடைசியா காய் வெட்டி எத்தனை நாளாச்சுங்க?" பொதுவாக 40, 45 நாளுக்கு ஒரு வெட்டு. வெட்டுக்கு முந்தின வாரம் நெற்றுக் காய் தானாக விழும். கீழே நூறு பேர், கேமரா, ஜிப் (சின்ன கேமரா கிரேன்) எல்லாம் நிற்கும். ஷெட்யூலுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வெட்டு வரும்படி தோட்டத்துக்காரரிடம் பேசுங்கள். முன்கூட்டி வெட்டுவதால் இளங்காய் நஷ்டம் வந்தால் அதைக் கொடுத்துவிடுங்கள். காய்ந்த மட்டையையும் அப்போதே இறக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சொட்டுநீர்க் குழாய். மண்ணுக்கு மேலே படுத்திருக்கும் 16 மில்லிமீட்டர் கருப்புக் குழாய்மேல் லைட் வண்டி ஒரு தடவை ஏறி இறங்கினால் போதும், நசுங்கிப் பிளந்துவிடும். அன்றைக்குத் தெரியாது. அடுத்த வாரம் மோட்டார் போடும்போது தெரியும், போன் உங்களுக்கு வரும். வண்டி வரும் பாதையில் குழாயைச் சுருட்டி ஒதுக்கச் சொல்லி ஆள் கூலியைக் கொடுங்கள். ஒதுக்க முடியாத மெயின் குழாய்க்கு இரண்டு பக்கமும் மண் மூட்டை போட்டு, மேலே கனமான பலகை போடுங்கள்.

மூன்றாவது கரண்ட். கிணற்று மோட்டாருக்கு வருவது இலவச விவசாய இணைப்பு. அதிலிருந்து ஒரு பல்பு கூட எடுக்கக் கூடாது. மாட்டினால் அபராதம் தோட்டத்துக்காரர் பெயரில் வரும், அதோடு அந்த ஊரில் உங்களுக்கு அடுத்த இடம் கிடைக்காது. வீட்டு இணைப்பில் சார்ஜர், இஸ்திரிப் பெட்டி மட்டும். மற்றதெல்லாம் ஜெனரேட்டர்.

சத்தத்தையும் கேளுங்கள், கண்ணுக்குத் தெரியாதது அதுதான். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓடுகிற ஊரில் லைவ் சவுண்ட் நடக்காது. பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் இருந்தால் சத்தத்தோடு தூசியும் வரும். கோழிப்பண்ணை காற்றுவாக்கில் இருந்தால் ஈ மொய்க்கும், க்ளோசப்பில் நடிகர் முகத்தில் உட்காரும்.

நடுவில் முற்றம் விட்ட பழைய தொட்டிக்கட்டு வீடு, ஜமீன் வீடு என்றால் தரையும் ஓடும்தான் பிரச்சினை. காவித் தரையில் டிராலி தண்டவாளத்தை நேரே வைத்தால் கோடு விழும். கீழே ரப்பர் பாய், மேலே பிளைவுட். சுண்ணாம்புச் சுவரில் ஒட்டிய டேப்பைப் பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும், எனவே ஆர்ட் டிபார்ட்மென்டிடம் ஆணிக்கும் டேப்புக்கும் தனித்தனியாக அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். லைட்டைக் கூரை மேல் ஏற்ற ஆள் ஏறினால் நாட்டு ஓடு உடையும். உடைந்த பிறகு அதே அளவு ஓட்டைத் தேடி அலைய முடியாது, நூறு ஓடு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். ஆசாரத்தில் (கூடத்தில்) இருக்கும் மரத்தூண், ஊஞ்சல், படங்கள் எல்லாவற்றையும் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே வீடியோ எடுத்து அவருக்கும் ஒரு காப்பி அனுப்புங்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை: தேதி, நேரம், எந்த அறைகள், ஒரு நாள் நீண்டால் எவ்வளவு, மழையால் எடுக்க முடியாத நாளுக்கு எவ்வளவு, பயிர்ச் சேதம் எந்தக் கணக்கில், அட்வான்ஸ், மீதி எப்போது. மஞ்சள், கரும்பு, வாழைக்கு மிதிபட்ட பிறகு விலை பேசினால் எப்போதும் சண்டைதான். இறங்குவதற்கு முன்பே ஒரு வரிசைக்கு இவ்வளவு, ஒரு வாழைக்கு இவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். பங்காளிகளுக்குப் பொதுவான நிலமா என்று விசாரிப்பதும் முக்கியம். அண்ணன் கையெழுத்துப் போட்டிருப்பார், தம்பி காலை 9 மணிக்கு வந்து கேமரா முன்னால் நிற்பார்.

யாரிடமெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்?

தனியார் இடமாக இருந்தாலும் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், ஊராட்சியிலும் சொல்லிவிடுங்கள். சாலையில் போக்குவரத்தை நிறுத்த வேண்டுமென்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், கோவை மாநகருக்குள் என்றால் கமிஷனர் அலுவலகம். அரசுக் கட்டடங்களுக்கும் பொது இடங்களுக்கும் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாகப் போக வேண்டும். அணை, வாய்க்காலுக்கு நீர்வளத் துறை, கோயிலுக்கு அறநிலையத் துறை. கோயிலில் செயல் அலுவலர் சரி என்றால் மட்டும் போதாது, பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் பேசாமல் உள்ளே போகாதீர்கள்.

ரயில் காட்சியில் பலருக்குக் குழப்பம் வரும். கோவை, ஈரோடு ஸ்டேஷன்கள் சேலம் கோட்டம். பொள்ளாச்சி ஜங்ஷனோ பாலக்காடு கோட்டம். தவறான ஆபீஸில் மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் வாரங்கள் போய்விடும்.

காடு என்றால் தனிக் கதை. டாப்சிலிப் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள், திம்பம், ஆசனூர் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. ரேஞ்சரிடம் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. மனு தலைமை வன உயிரினக் காப்பாளர் வரை போகும், மாதக் கணக்கில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கு முன் இலை உதிர்ந்து காட்டுத்தீ பயம் இருக்கும் மாதங்களில் கிடைப்பது இன்னும் கடினம். காடு மாதிரி இருந்தால் போதும் என்றால் அடிவாரத்தில் தனியார் தோப்பும் எஸ்டேட்டும் பாருங்கள். பண்ணாரி – திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள், இரவுப் போக்குவரத்துக்குத் தடையும் உண்டு. சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 மணிக்கே பாதை மூடிவிடும் என்பதால், பேக்கப்பை மதியம் 3 மணிக்கு வைக்காவிட்டால் ஜெனரேட்டர் அன்று கீழே இறங்காது.

டிரோனுக்கு டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் அடுத்தடுத்து இருப்பதால் கோவைக்குக் கிழக்கே பெரிய பரப்பு கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. பச்சை மண்டலமாக இருந்தாலும் 400 அடிக்கு மேல் பறக்கக் கூடாது.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. இரவில் பாட்டு எடுக்கிறவர்கள் இதை மறந்து நாகராவை (நடிகர்கள் வாயசைக்க ஓடவிடும் பாட்டை) பெரிய ஸ்பீக்கரில் போடுவார்கள், 10.15-க்கு ஊரே வாசலில் நிற்கும்.

குழந்தைகளும் மாடுகளும் காட்சியில் இருந்தால்?

14 வயது நிறையாத குழந்தை நடித்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புநிதியில் போக வேண்டும். பேபி ஆர்ட்டிஸ்டின் 5 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று எழுதி வையுங்கள். காலை 7-க்கு வரவைத்துவிட்டு மதியம் 2-க்கு முதல் ஷாட் எடுக்கிற பழக்கத்துக்கு இந்த விதி இடம் கொடுக்காது.

மாடு, ஆடு, சேவல், குதிரை எது கேமராவில் தெரிந்தாலும் விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்று, எடுக்கும்போது மருத்துவர் இருப்பது, உரிமையாளரின் ஒப்புதல் எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். இதில்லாமல் எடுத்தால் பிரச்சினை அன்று வராது, சென்சாருக்குப் போகும்போது வரும். அப்போது யூனிட் கலைந்திருக்கும், மாடு விற்றுப் போயிருக்கும், பேப்பர் வாங்க யாரும் கிடைக்க மாட்டார்கள். பின்னணியில் தற்செயலாக நடந்துபோகும் மாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல் ஆகும்? டிரைவர் சொல்வதை நம்பலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள். ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 3 முதல் 3.5 யூனிட் கரண்ட் வரும். ஒரு 18 கிலோவாட் ஹெச்எம்ஐ (பகல் வெளிச்சம் போல எரியும் பெரிய லைட்), இரண்டு 6, இரண்டு 4 என்றால் விளக்கு மட்டும் 38. பாலஸ்ட் இழப்பு, மானிட்டர், ஃபேன் சேர்த்து 45 கிலோவாட் என்று வையுங்கள். 8 மணி நேரம் தொடர்ந்து எரிந்தால் 360 யூனிட், அதாவது 103 முதல் 120 லிட்டர். ஆனால் லைட் எல்லாம் எப்போதும் எரிவதில்லை. அதனால் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதும் பேக்கப்பிலும் மணி மீட்டரைப் போட்டோ எடுத்து, டேங்கில் குச்சி விட்டு அளந்து, இரண்டையும் வவுச்சரோடு வையுங்கள். இரண்டு நாள் இதைச் செய்தால் மூன்றாம் நாளிலிருந்து கணக்கு தானாகச் சரியாக வரும்.

125 கேவிஏ வண்டி சுமார் 100 கிலோவாட் தாங்கும். மூன்று ஃபேஸிலும் சுமையைச் சமமாகப் பிரிக்காமல் கேரவன் ஏசிகளையும் பெரிய லைட்டையும் ஒரே ஃபேஸில் மாட்டினால், மொத்தச் சுமை குறைவாக இருந்தும் பிரேக்கர் விழும். எர்த் கம்பி காய்ந்த செம்மண்ணில் சரியாக வேலை செய்யாது, குழியில் உப்பும் தண்ணீரும் ஊற்ற வேண்டும். வயலில் எடுக்கும்போது கேபிள் இணைப்பு எதுவும் சேற்றில் கிடக்கக் கூடாது, செங்கல் அடுக்கி மேலே வையுங்கள். வரப்பில் வெறுங்காலோடு நடக்கிற ஊர்க்காரர்களும் குழந்தைகளும் அந்த வழியே வருவார்கள்.

சாப்பாட்டுக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

தலைக்கணக்கோடு பத்தில் ஒரு பங்கு சேருங்கள். 100 பேர் யூனிட் என்றால் 110. மதியத்துக்குத் தலைக்கு 130 கிராம் அரிசி, லைட்மேன்களும் செட் வேலைக்காரர்களும் அதிகமாக இருந்தால் 150. ஆக 14.5-லிருந்து 16.5 கிலோ வேண்டும். குடிதண்ணீர் கோடையில் தலைக்கு 3 முதல் 4 லிட்டர், 20 லிட்டர் கேன் 17-லிருந்து 22 வரை. திருப்பூர், பல்லடம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. டீக்கும் கேன் தண்ணீர்தான்.

கெட்டுப்போவது பெரும்பாலும் தேங்காய்ச் சட்னியும் தயிர் சாதமும். விடியற்காலை 4 மணிக்கு அரைத்த சட்னியை 9 மணிக்குப் பரிமாறினால் ஏப்ரலில் புளித்திருக்கும். சட்னியை ஸ்பாட்டில் அரைக்கச் சொல்லுங்கள், அல்லது அன்றைக்குச் சாம்பாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளூர்ச் சமையல்காரர் அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளுப் பருப்பு என்று நன்றாகவே போடுவார். வாரத்தில் ஒரு நாள் எல்லோருக்கும் பிடிக்கும், தினமும் போட்டால் சென்னை ஆட்கள் முகம் சுளிப்பார்கள். ஹீரோவுக்குத் தனி, லைட்மேனுக்குத் தனி என்று குழம்பு வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். யூனிட்டில் கசப்பு தொடங்குவது பெரும்பாலும் பந்தியில்தான்.

பாக்கு மட்டையோ வாழை இலையோ, எதுவானாலும் கழிவை அன்றே ஏற்றிக்கொண்டு போங்கள். தோட்டத்து மாடு பிளாஸ்டிக் கவரைத் தின்றால் அதற்கு நஷ்ட ஈடு கொடுத்துத் தீராது.

ரூம் கிடைக்காமல் போவது ஏன்?

முகூர்த்தநாள். ஆவணி, தை, வைகாசி முகூர்த்தங்களில் லாட்ஜ் எல்லாம் கல்யாண வீட்டாருக்குப் போய்விடும். பண்ணாரி குண்டம் நடக்கும் பங்குனியில் சத்தியில் இடமிருக்காது, ஆடியில் அந்தியூர்க் குருநாதசாமி திருவிழா, குதிரைச் சந்தை நேரத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம். காலண்டரைப் பார்த்துவிட்டு ஷெட்யூல் போடுங்கள்.

மறுபக்கம், ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். மெஸ், காஸ்ட்யூம், ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் உடை மாற்றும் இடம் எல்லாவற்றுக்கும் ஒரு மண்டபம் போதும், பாத்ரூம் கணக்கும் தீர்ந்துவிடும்.

கேஷ் கணக்கை எப்படி வைப்பது?

அன்றன்று இரவே முடிக்க வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம்: கையிருப்பு, வந்தது, போனது, மீதி. ஒவ்வொரு வவுச்சரிலும் பெயர், எதற்கு, போன் நம்பர், கையெழுத்து. டீக்கடையில் பில் இருக்காது, நீங்களே வவுச்சர் எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். யுபிஐ ஸ்க்ரீன்ஷாட் பணம் போனதற்குத்தான் ஆதாரம், எதற்குப் போனது என்பதற்குப் பில் தனியாக வேண்டும்.

ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அது செலவாக ஏற்கப்படாது, லாரிக்காரர்களுக்கு மட்டும் 35,000 வரை. ஜெனரேட்டர், வண்டி, இடத்து வாடகைக்கு எல்லாம் பேங்க் வழியாகவே போங்கள், பான் எண்ணை அட்வான்ஸ் கொடுக்கும்போதே வாங்கிவிடுங்கள். மீதி கொடுத்த பிறகு கேட்டால் யாரும் அனுப்ப மாட்டார்கள்.

பேட்டாவைப் பேக்கப்பான இடத்திலேயே அன்றே கொடுங்கள். நேரம் நீண்டால் கூடுதல் பேட்டா திரைப்படத் தொழிலாளர் சம்மேளன (பெப்சி) ஒப்பந்தப்படி எவ்வளவு என்பதைக் கேஷியர் அறிந்திருக்க வேண்டும். இன்னும் அரை மணி நேரம்தான் என்று டைரக்டர் கேட்கும்போது, அந்த அரை மணிக்கு எவ்வளவு ஆகும் என்ற தொகையை உடனே சொல்லத் தெரிந்தால் பாதி நாள் அவரே பேக்கப் சொல்லிவிடுவார்.

கூட்டக் காட்சிக்கு உள்ளூர் ஆட்கள் கிடைப்பார்களா?

பொள்ளாச்சியிலும் கோபியிலும் இதற்கென்றே ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். அறுவடை, மஞ்சள் வெட்டு நடக்கும் வாரத்தில் மட்டும் கிடைக்க மாட்டார்கள். ஏஜென்ட் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி ஆளுக்குக் குறைவாகக் கொடுப்பது நடக்கும். வாங்கிக்கொண்டவர் கையெழுத்தை உங்கள் கேஷியர் முன்னால் போட வையுங்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைப் பவுன்சரை வைத்துத் தள்ளுவதைவிட, அதே ஊர்ப் பையன்கள் பத்துப் பேருக்குக் கூலியும் சாப்பாடும் கொடுத்துக் கயிறு பிடிக்கச் சொல்வது நன்றாக நடக்கும். காட்சியில் சாதி, கட்சி, கோயில் சம்பந்தமாக ஏதாவது இருந்தால் அதை மறைத்து இடம் கேட்காதீர்கள்.

விபத்துக்கு என்ன ஏற்பாடு?

108 எவ்வளவு நேரத்தில் வரும் என்று நம்பிக்கொண்டிராமல் ஒரு வண்டியையும் டிரைவரையும் எப்போதும் சும்மா நிறுத்தி வையுங்கள். பாம்புக்கடி என்றால் விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராக: பொள்ளாச்சி, கோவை, ஈரோட்டுப் பக்கம் என்றால் பெருந்துறை. தோப்பில் மட்டை குவியலைப் புரட்டுகிறவர்களுக்கு கம்பூட். பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு இருக்கிறதா என்று பார்க்காமல் புகை மெஷினைப் போடாதீர்கள், டிரோனும் அவற்றைக் கிளப்பும். வால்பாறையில் அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும் போதும்.

கோவையில் ஒரு காலத்தில் ஸ்டுடியோக்கள் இருந்தனவே, இப்போது கருவிகள் உள்ளூரில் கிடைக்காதா?

சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ, ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா, சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் எல்லாம் இருந்தது உண்மை. இப்போது பெரிய லைட்டும் கிரேனும் 500 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையிலிருந்துதான் வருகின்றன. கல்யாண வீடியோ, விளம்பர வேலைக்கான கேமரா, சின்ன லைட் கோவையில் கிடைக்கும். கொச்சி கிட்டத்தில் இருக்கிறதே என்று கருவி எடுப்பதற்கு முன் வண்டி பெர்மிட்டையும் சங்க விதியையும் நிர்வாகியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீரியலில் வேலை வேறு மாதிரியா?

இடம் மாறாது, நாள் நிற்காது. ஒரே வீட்டில் மாதக் கணக்கில் எடுப்பதால் கன்டின்யூட்டிப் பொருட்கள் (முந்தின காட்சியில் இருந்தபடியே அடுத்ததிலும் இருக்க வேண்டியவை), தினசரி ஆர்ட்டிஸ்ட் கால்ஷீட், ஒளிபரப்புக்குக் கையிருப்பில் எத்தனை எபிசோடு என்ற கணக்கு, இவைதான் தலைவலி.

இந்த வேலைக்கு எப்படி வருவது?

பெரும்பாலோர் புரொடக்‌ஷன் அசிஸ்டன்டாகவோ கேஷியருக்கு உதவியாகவோ தொடங்குகிறார்கள். படிப்பு கட்டாயமில்லை. எக்ஸெல், ஜிஎஸ்டி பில் படிக்கத் தெரிவது, வண்டி ஓட்டத் தெரிவது உதவும். சினிமாவில் தொடர்ந்து இருக்க வேண்டுமென்றால் தயாரிப்பு நிர்வாகிகளுக்கான சங்கத்தில் கார்டு எடுக்க வேண்டும். உள்ளூர்க்காரராக இருந்தால் தோட்டத்துக்காரர், ஊராட்சி, மெஸ், லாட்ஜ் எல்லாரும் உங்கள் பெயரை நம்பித்தான் கதவைத் திறப்பார்கள். கம்பெனி பாக்கி வைத்துவிட்டுப் போனால் திட்டு விழுவதும் உங்களுக்குத்தான் என்பதால், நீங்கள் வாங்காத பணத்துக்கு வாய் வார்த்தையில் ஜாமீன் நிற்காதீர்கள்.

ஷெட்யூல் முடிந்த பிறகு?

கடைசி நாள் பேக்கப்புக்குப் பிறகு செட் ஆட்கள் நான்கு பேர், ஒரு மினி லாரி, ஒரு கொத்தனார், ஒரு பிளம்பரோடு ஒரு நாள் தங்குங்கள். ஆணிக் குழிகளை அடைத்து, உடைந்த ஓட்டை மாற்றி, சொட்டுநீர்க் குழாயில் மோட்டார் போட்டு ஒவ்வொரு வரிசையிலும் தண்ணீர் வருகிறதா என்று தோட்டத்துக்காரரோடு நடந்து பாருங்கள். முதல் நாள் எடுத்த வீடியோவை வைத்துக்கொண்டு அறை அறையாகச் சரிபார்த்து, பாக்கி எதுவும் இல்லை என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். மெஸ், லாட்ஜ், டீசல், தண்ணீர் கேன், வாடகைப் பாத்திரம் எல்லாவற்றின் கடைசி பில்லும் கைக்கு வந்த பிறகுதான் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். விட்டுப்போன ஷாட்களை எடுக்கும் பேட்ச் வொர்க்குக்கு மறுபடி இதே வீட்டுக்கு வர வேண்டியிருக்கலாம், அதனால் சுவருக்கு அடித்த பெயின்டின் நம்பரையும் ஜன்னல் திரைத் துணியில் ஒரு துண்டையும் பில்களோடு சேர்த்து வையுங்கள்.